குளிர்கால விடுமுறையும் திருச்சுழிச் சீமையும்: ஒரு வரலாற்றுப் பார்வை

டிசம்பர் பிறந்தால் போதும், "குளிர்கால விடுமுறைக்கு எங்கே போகலாம்?" என்ற பட்டியல்கள் வரிசை கட்டி வந்துவிடும். காஷ்மீரில் குல்மார்க் பனிச்சறுக்கு, குஜராத்தில் கட்ச் வெண்பாலை, நாகாலாந்தில் ஹார்ன்பில் திருவிழா, கோவா கடற்கரை, கேரளத்துப் படகு வீடு, தமிழ்நாட்டுக்கு வந்தால் ஊட்டி, கொடைக்கானல், சென்னையின் மார்கழிக் கச்சேரி. எந்தப் பட்டியலை எடுத்துப் பார்த்தாலும் ஒரு சீமை மட்டும் இருக்காது. அதுதான் அருப்புக்கோட்டையும் திருச்சுழியும் அவற்றைச் சுற்றியுள்ள கரிசல் காடும்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். "தண்ணியில்லாக் காடு" என்று பெயர் வாங்கிய பூமி இது. அரசாங்க உத்தியோகத்தில் இருப்பவரை மிரட்ட வேண்டுமானால் "தண்ணியில்லாக் காட்டுக்கு மாற்றிவிடுவேன்" என்பார்கள். தண்டனைக்குப் போகிற இடத்துக்கு யாராவது விடுமுறைக்குப் போவார்களா?

ஆனால் வரலாற்றைப் புரட்டினால் வேறொரு படம் தெரிகிறது. இந்த மண்ணில் குளிர்காலம் என்பது வேண்டுமானால் பயணம் போகிற காலம் என்பதல்ல. இந்த மண்ணில் மனிதர் வாழ முடியுமா, முடியாதா என்பதையே முடிவு செய்கிற காலம் அது. கோயில் திருவிழா, ஊர் திரும்புதல், பஞ்சம், புலம்பெயர்தல் எல்லாம் அந்த மூன்று மாதங்களோடு கட்டப்பட்டவை.

குளிர்காலம் என்றால் என்ன?

இந்தியா முழுவதற்கும் ஒரே குளிர்காலம் கிடையாது. இமயமலைக்கு அது பனிக்காலம். ராஜஸ்தானுக்கு வெயில் கொஞ்சம் கருணை காட்டும் காலம். அங்கே கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி புஷ்கர் ஒட்டகச் சந்தை கூடுகிறது. கட்ச் பகுதியில் தென்மேற்குப் பருவத்தில் தேங்கிய நீர் வற்றி, வெள்ளை உப்புப் படிவம் வெளியே தெரிகிற காலம். அந்த வெண்மையைக் காட்டித்தான் 2000களில் குஜராத் அரசு 'ரண் உத்சவ்' நடத்தத் தொடங்கியது. வங்காளத்தில் அது அறுவடை முடிந்த பௌஷ மாதம். சாந்திநிகேதனின் பௌஷ மேளா 1894இல் தொடங்கியது.

கட்ச்சும் திருச்சுழியும் இரண்டுமே வறண்ட பூமிதான். ஆனால் ஒரு வேடிக்கை. குளிர்காலத்தில் கட்ச்சில் தண்ணீர் போகிறது, திருச்சுழியில் தண்ணீர் வருகிறது!

இந்தப் பகுதியில் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழ பாதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. மேற்கே மலைகளில் பிறந்து திருச்சுழி, கமுதி வழியாக மன்னார் வளைகுடாவை நோக்கி ஓடும் குண்டாறு, ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அது ஆறு. அப்போது வருகிற தண்ணீரைப் பிடித்து வைப்பதற்குத்தான் கண்மாய்கள். ஒரு கண்மாய் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. குடிக்கத் தண்ணீருக்கு ஊருணி தனியாக.

ஆக, மார்கழியில் இந்தச் சீமைக்கு வருகிறவர் பார்ப்பது சித்திரையில் பார்த்த அதே ஊரை அல்ல. மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் கதிர் தாங்கி நிற்கும். பருத்தி, மிளகாய், மல்லி, உளுந்து என்று கரிசல் முழுக்கப் பச்சை. விடியற்காலை வெப்பநிலை 20 டிகிரியை ஒட்டி இறங்கும். வடநாட்டுக்காரர் இதைக் குளிர் என்றே ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனால் பத்து மாதம் வெயிலில் காய்ந்தவருக்கு அதுவே போதும்.

சுழி என்று ஒரு பெயர்

திருச்சுழியின் பெயரே யோசிக்க வைப்பது. சுழி என்றால் நீர்ச்சுழி. வெள்ளம் வந்து உலகை அழிக்கப் பார்த்தபோது சிவபெருமான் சூலத்தால் தரையைக் குத்தித் துளை உண்டாக்கினார், வெள்ளம் சுழித்துக்கொண்டு அதற்குள் போய்விட்டது என்பது தலபுராணக் கதை. தண்ணீரே இல்லாத ஊர் என்று பெயர் வாங்கிய பூமியின் நடுவே, வெள்ளத்தின் பெயரைத் தாங்கி ஓர் ஊர்! குண்டாறு பெருகி வருவதை ஆண்டுதோறும் பார்த்தவர்களுக்கு அந்தக் கதை அந்நியமாக இருந்திருக்காது.

திருச்சுழி திருமேனிநாதர் கோயில் பாண்டிய நாட்டின் பதினான்கு பாடல் பெற்ற தலங்களுள் ஒன்று. சுந்தரர் இதைத் திருச்சுழியல் என்று பாடியிருக்கிறார். அம்மன் பெயர் துணைமாலை நாயகி. பக்கத்திலேயே பள்ளிமடம். அங்குள்ள கோயிலில் பாண்டியர் காலக் கல்வெட்டுகள் உண்டு. அருப்புக்கோட்டை வட்டாரத்துக் குறண்டியில் ஒரு காலத்தில் திருக்காட்டாம்பள்ளி என்ற பெரிய சமணப் பள்ளி இருந்தது. மதுரைக்கு அருகே சமணர் மலையில் உள்ள கல்வெட்டுகளில் வெண்பு நாட்டுக் குறண்டியைச் சேர்ந்த துறவிகளின் பெயர்கள் வருகின்றன. அதாவது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பு இது ஒதுக்குப்புறமான ஊர் அல்ல. மதுரையோடு ஆள் போக்குவரத்தும் அறிவுப் போக்குவரத்தும் இருந்த நாடு.

1876ம் 1879ம்

கண்மாயை நம்பி வாழ்கிறவர்களுக்குக் குளிர்கால மழை தவறினால் என்ன ஆகும்? அதற்கு வரலாறு கொடுத்த பதில் பயங்கரமானது.

1876இல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம் முழுவதும் பஞ்சத்தில் விழுந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தத் தாது வருஷப் பஞ்சத்தில் இறந்தவர்கள் பல லட்சம் பேர். நிவாரண வேலைக்கு வந்த ஆண்களுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியமும் ஓரணாவும் போதும் என்று கணக்குப் போட்டார் சர் ரிச்சர்ட் டெம்பிள். எலும்பும் தோலுமாக மண் சுமந்தவர்களுக்கு அந்தக் கூலி! பஞ்சத்தில் செத்தவர்களோடு, ஊரைவிட்டே போனவர்களும் ஏராளம்.

அந்தப் பஞ்சம் ஓய்ந்த மறு ஆண்டு, 1879 டிசம்பர். மார்கழித் திருவாதிரை. திருச்சுழியில் நடராசர் வீதியுலா போய்விட்டு, நள்ளிரவு கடந்து கோயிலுக்குத் திரும்பினார். டிசம்பர் 30ஆம் தேதி பிறந்து ஒரு மணி. அந்த நேரத்தில் கோயிலை அடுத்த கார்த்திகை வீதியில், வக்கீலாகத் தொழில் பார்த்துவந்த சுந்தரம் ஐயர், அழகம்மாள் தம்பதிக்கு ஒரு மகன் பிறந்தான். வேங்கடராமன் என்று பெயரிட்டார்கள். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று அழைத்தது.

மகரிஷியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தத் திருவாதிரை இரவைத் தவறாமல் குறிப்பிடுவார்கள். பஞ்சத்தை அதிகம் சொல்வதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த இரவின் அருமை தெரியும். மூன்று வருடத்துக்கு முன்பு இதே மாதத்தில் கண்மாய் காய்ந்து கிடந்த சீமையில், மறுபடியும் ஊர் கூடிச் சாமி பார்க்கிறது. திருவிழா என்பது இங்கே வெறும் கொண்டாட்டம் இல்லை. இன்னும் ஊர் இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

மலைக்குப் போனவர்கள்

விடுமுறை என்றால் ஊரைவிட்டுக் குளிர்ந்த இடத்துக்குப் போவது என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? அதன் வேரில் ஒரு கிளை இந்தச் சீமையைத் தொட்டுக்கொண்டு போகிறது என்பது பலருக்கும் ஆச்சரியமாக இருக்கலாம்.

1834இல் அமெரிக்க மிஷனரிகள் மதுரைக்கு வந்தார்கள். அமெரிக்கன் மதுரை மிஷன் என்று பெயர். அருப்புக்கோட்டைப் பக்கத்தில் உள்ள மண்டபசாலையும் அவர்களுடைய மிஷன் நிலையங்களில் ஒன்று. மதுரைச் சீமையின் வெப்பத்தையும் காய்ச்சலையும் தாங்க முடியாமல் அவர்கள் பழனி மலைமீது ஏறினார்கள். 1845இல் கொடைக்கானலில் முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். இன்று கூட்டம் அலைமோதும் கொடைக்கானல் அப்படிப் பிறந்ததுதான். அதற்கு முன்பே 1819இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் நீலகிரிக்குப் போய் வந்திருந்தார். 1870 முதல் சென்னை மாகாண அரசாங்கமே கோடையில் ஊட்டிக்குக் குடிபோக ஆரம்பித்தது.

ஆக, வெள்ளைக்காரர் ஆண்டை இரண்டாகப் பிரித்தார்கள். கோடையில் மலை. குளிர்காலத்தில் சமவெளி. அதிகாரிகள் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றுப்பயணம் கிளம்புவதற்கு ஏற்ற காலமாகக் குளிர்ந்த மாதங்களை வைத்துக்கொண்டார்கள்.

தமிழர்களின் கணக்கு வேறு. கார்த்திகையில் திருவண்ணாமலை தீபம், மார்கழியில் திருவாதிரை, மண்டல காலத்தில் சபரிமலை, தைப்பூசத்துக்குப் பழனிப் பாதயாத்திரை. விதைப்பும் களையெடுப்பும் முடிந்து, அறுவடை இன்னும் தொடங்காத இடைவெளி அது. மானாவாரி விவசாயிக்குக் கிடைத்த விடுமுறை அந்தச் சில வாரங்கள்தான். அதைத் தெய்வத்தின் பெயரில் செலவிட்டார்.

கிறிஸ்துமஸ் லீவும் காங்கிரசும்

ரயில் வந்த பிறகு இந்த இரண்டு கணக்கும் ஒன்றோடொன்று கலந்தன. 1875இல் மதுரைக்கு ரயில் வந்தது. அடுத்த ஆண்டே அது விருதுபட்டி வழியாகத் தூத்துக்குடிக்குப் போனது. கோர்ட்டுக்கும் கச்சேரிக்கும் கிறிஸ்துமஸ் விடுமுறை. படித்த இந்தியர்கள் நெடுந்தூரம் போய்வரத் தோதான நாட்கள் அவையே. இந்திய தேசிய காங்கிரசின் முதல் மாநாடு 1885 டிசம்பர் 28இல் பம்பாயில் கூடியது. அதன் பிறகும் நெடுங்காலம் அந்த மாநாடுகள் டிசம்பர் கடைசியில்தான் நடந்தன. வக்கீல்கள் நிறைந்த இயக்கத்துக்கு வேறு நாள் ஏது?

1907 டிசம்பரில் சூரத் காங்கிரசுக்குத் தமிழகத்திலிருந்து போனவர்களில் வ.உ.சிதம்பரம் பிள்ளையும் பாரதியும் இருந்தார்கள். ஒருவர் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர், மற்றவர் எட்டயபுரத்தில் பிறந்தவர். இரண்டும் அருப்புக்கோட்டைக்குத் தெற்கே தூத்துக்குடி சாலையை ஒட்டிய கரிசல் ஊர்கள். காங்கிரஸ் இரண்டாக உடைந்த அந்த மாநாடு, அவர்களைப் பொறுத்தவரை ஒரு குளிர்காலப் பயணம்.

1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது கூடவே ஒரு அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. இன்று உலகத் தமிழர்கள் விமானம் ஏறி வந்து கேட்கும் டிசம்பர் சீசனுக்கு அதுவே மூலம். அரசியல் லீவில் முளைத்த சங்கீதம்!

"எங்கிருந்து வருகிறீர்கள்?"

இனி திருச்சுழியில் பிறந்த அந்தப் பையனிடம் திரும்பலாம். 1892இல் தந்தை இறந்துபோனார். வேங்கடராமனும் அண்ணனும் மதுரையில் சித்தப்பா வீட்டுக்குப் போனார்கள். பையன் சேர்ந்தது அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில். கொடைக்கானலில் வீடு கட்டிய அதே மிஷன் நடத்திய பள்ளி.

1895 நவம்பர் மாதம். திருச்சுழியில் பழக்கமான வயதான உறவினர் ஒருவரை வேங்கடராமன் மதுரையில் சந்தித்தான். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டான். அருணாசலத்திலிருந்து என்றார் அவர். பையனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. அருணாசலம் என்பது மனிதர்கள் போய்வரக்கூடிய இடமா? திருவண்ணாமலைதான் அருணாசலம் என்று பெரியவர் விளக்கினார்.

ஊர் திரும்பிக்கொண்டிருந்த ஒரு பயணி, வழியில் சொன்ன ஒரே சொல். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த ஆண்டு, 1896 ஆகஸ்ட் 29இல், பதினாறு வயதுப் பையன் வீட்டைவிட்டுக் கிளம்பினான். அண்ணனின் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு இரண்டைக் கடிதத்தோடு வைத்துவிட்டுப் போனான். வீட்டில் இருந்த பழைய அட்லஸைப் பார்த்ததால் திண்டிவனத்துக்கு டிக்கெட் எடுத்தான். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலைக்கு ரயில் வந்துவிட்ட செய்தி அந்த அட்லஸில் இல்லை. வழியில் ஒரு பகுதியை நடந்தே கடக்க வேண்டியதாயிற்று. செப்டம்பர் 1இல் திருவண்ணாமலை சேர்ந்தவர், 1950 ஏப்ரல் 14இல் மறையும் வரை அங்கிருந்து நகரவே இல்லை. திருச்சுழியை அவர் மறுபடி பார்க்கவில்லை.

அவர் போகவில்லையே தவிர, உலகம் அவரைத் தேடி வந்தது. இன்றும் டிசம்பர், ஜனவரி மாதங்களில் திருவண்ணாமலை வெளிநாட்டவர்களால் நிறைகிறது. அவர்களில் ஒரு பகுதியினர் திருச்சுழி வரை வந்து, அவர் பிறந்த வீடான சுந்தர மந்திரத்தைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். தண்ணியில்லாக் காட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஆள் வருகிறது, அங்கிருந்து கிளம்பிப்போன ஒருவருக்காக.

தைக்குத் திரும்பியவர்கள்

கிளம்பிப் போனவர் அவர் ஒருவர் மட்டுமல்லவே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மதுரை, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து ஆயிரக்கணக்கானோர் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்குப் போனார்கள். காப்பி பறிப்பு ஆண்டின் சில மாதங்களில் மட்டும் நடக்கிற வேலை. பறிப்பு முடிந்ததும் பலர் அறுவடைக்கு ஊர் திரும்புவார்கள். வழியில் காட்டுப் பாதை, காலரா, பசி. பிழைத்தவர்கள் பொங்கலுக்கு வீடு சேர்ந்தார்கள்.

1870களில் காப்பிச் செடியை இலைநோய் தாக்கியது. தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டிய பயிர். அதோடு தைக்கு ஊர் திரும்பும் வழக்கமும் மெல்ல அறுந்தது. குடும்பம் குடும்பமாக அங்கேயே தங்கிவிட்டார்கள். மலையகத் தமிழர் என்று இன்று அழைக்கப்படுகிறவர்களின் வரலாறு அப்படித் தொடங்குகிறது. ஒரு செடி மாறியதால் ஒரு மக்கள் கூட்டத்தின் விடுமுறையே இல்லாமல் போயிற்று.

இந்தியாவுக்குள் போனவர்களுக்கு அந்தக் கதி நேரவில்லை. சென்னை, திருப்பூர், கோயம்புத்தூர் என்று பிழைக்கப் போனவர்கள் இன்றும் தைப் பொங்கலுக்குக் கூட்டம் கூட்டமாக ஊர் வருகிறார்கள். ஜனவரி இரண்டாம் வாரத்தில் சென்னையிலிருந்து தெற்கே வரும் பேருந்துகளைப் பார்த்தால் தெரியும். தமிழ்நாட்டின் ஆகப்பெரிய குளிர்காலச் சுற்றுலா இதுதான். எந்தப் பட்டியலிலும் இல்லாத சுற்றுலா!

இன்று போகிறவர்களுக்கு

மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை தெற்கே சுமார் 50 கிலோமீட்டர். விருதுநகரிலிருந்து கிழக்கே சுமார் 20. விருதுநகரையும் மானாமதுரையையும் இணைக்கும் ரயில் பாதை 1960களில் போடப்பட்டது. அருப்புக்கோட்டை, திருச்சுழி, நரிக்குடி எல்லாம் அந்தப் பாதையில்தான் இருக்கின்றன. அது அகலப் பாதையான பிறகு சென்னையிலிருந்து சிலம்பு எக்ஸ்பிரஸ் அருப்புக்கோட்டை வழியாகச் செங்கோட்டைக்குப் போகிறது.

அருப்புக்கோட்டை நெசவு ஊர். கரிசலில் விளைந்த பருத்தியும் தறிச் சத்தமும் சேர்ந்து வளர்த்த ஊர். மல்லிகை அரும்பு விளைந்ததால் அரும்புக்கோட்டை, அதுவே மருவி அருப்புக்கோட்டை ஆயிற்று என்று ஊரார் சொல்வார்கள். அங்கிருந்து திருச்சுழிக்கு அரை மணி நேரப் பயணம். கோயில், சுந்தர மந்திரம், பள்ளிமடம் மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். மேலும் தென்கிழக்கே போனால் குண்டாற்றங்கரையில் கமுதிக் கோட்டை. சேதுபதிகள் காலத்தது.

திருவாதிரை சமயம் என்றால் இராமநாதபுரத்தை அடுத்த உத்தரகோசமங்கையைத் தவறவிடக் கூடாது. அங்குள்ள மரகத நடராசர் திருமேனி ஆண்டு முழுவதும் சந்தனக் காப்புக்குள் இருக்கும். திருவாதிரைக்கு முதல் நாள் அந்தக் காப்பைக் களைந்து அபிஷேகம் செய்வார்கள். விடிவதற்குள் புதுச் சந்தனம் சாத்திவிடுவார்கள். அந்த ஒரு நாளுக்காகப் பல ஊர்களிலிருந்து கூட்டம் வந்து காத்திருக்கும்.

கோயிலில் விருப்பமில்லாதவர்களுக்கும் வழி உண்டு. முதுகுளத்தூர்ப் பக்கம் காஞ்சிரங்குளம், சித்திரங்குடி என்று இரண்டு கண்மாய்கள் 1989இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022இல் இரண்டுக்கும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. கண்மாய்க்குள் நிற்கும் நாட்டுக்கருவேல மரங்களில் நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. கண்மாயில் தண்ணீர் இருக்க வேண்டும். மழை தவறிய ஆண்டில் பறவையும் இல்லை, பார்க்க வருகிறவரும் இல்லை.

பாரதிமீது பற்றுள்ளவர்கள் தூத்துக்குடி சாலையில் தெற்கே எட்டயபுரம் போகலாம். அவர் பிறந்த நாள் டிசம்பர் 11. அதுவும் குளிர்காலத்தில்தான் வருகிறது.

ஓர் எச்சரிக்கையும் அவசியம். இந்தக் கரையோரத்தில் டிசம்பர் என்பது புயல் மாதமும்கூட. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு தனுஷ்கோடியைப் புயல் அழித்தபோது, பாம்பனிலிருந்து போன பயணிகள் ரயிலும் கடலுக்குள் இழுத்துச் செல்லப்பட்டது. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் சுற்றுலா வந்த மாணவர்களும் இருந்தார்கள். வானிலை அறிக்கையைப் பார்க்காமல் கிளம்புவது புத்திசாலித்தனம் ஆகாது.

மறுகால் பாயுமா?

பருவமழையை நம்பிய பூமிக்கு நிரந்தரத் தண்ணீர் கொண்டுவரும் முயற்சிகள் பழையவை. 1895இல் பெரியாறு அணை முடிந்தபோது மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது. ஆனால் அது பெரும்பாலும் வைகைப் பக்கத்து வயல்களுக்கே போனது. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் மேகத்தையே நம்பிக்கொண்டிருந்தன. 2021 பிப்ரவரியில் காவிரி, வைகை, குண்டாறு இணைப்புத் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். காவிரி வெள்ளத்தைக் கால்வாய் வெட்டிக் குண்டாறு வரை கொண்டுவருவது நோக்கம். நீளம் 262 கிலோமீட்டர்.

அது வரும்போது வரட்டும். ஏற்கெனவே இருக்கிற கண்மாய்களின் கதி என்ன என்பதுதான் உடனடிக் கேள்வி. ஒரு கண்மாயின் மறுகால் அடுத்த கண்மாய்க்குப் போகிற வழியில் வரத்துக்கால் தூர்ந்துவிட்டாலோ, சீமைக்கருவேலம் மண்டிவிட்டாலோ, யாராவது ஆக்கிரமித்துவிட்டாலோ, சங்கிலி அந்த இடத்தில் அறுந்துபோகும். மேலே வெள்ளம், கீழே வறட்சி. ஒரே மழையில் இரண்டும் நடக்கும். மழை பொய்த்ததால் வந்த பஞ்சத்தை 1876 காட்டியது. மழை பெய்தும் தண்ணீர் தங்காமல் போனால், அதற்கு மேகத்தைக் குறைசொல்ல முடியாது.

சுற்றுலா வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வது பேதைமை. ஆனால் ஓர் ஊரை வெளியார் எந்த மாதத்தில் பார்க்கிறார்கள் என்பதில் விஷயம் இருக்கிறது. சித்திரை வெயிலில் பேருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தவர் சொன்ன பெயர்தான் "தண்ணியில்லாக் காடு". அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இந்தச் சீமைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது எல்லோருக்கும் வசதி. காய்ந்த காடு எப்படியும் காயத்தானே போகிறது!

மார்கழியில் வந்து, நிரம்பிய கண்மாயின் கரையில் நின்று, மறுகால் பாயும் சத்தத்தைக் கேட்டவர் அந்தப் பெயரை அவ்வளவு சுலபமாகச் சொல்ல மாட்டார். இங்கே தண்ணீர் வருகிறது என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். அதைத் தங்க வைக்க முன்னோர்கள் செய்த ஏற்பாட்டையும் அவர் பார்த்திருப்பார். 1895இல் வேங்கடராமன் கேட்ட அதே கேள்வியை ஊரில் யாராவது அவரிடம் கேட்கும்போது, திருச்சுழியிலிருந்து வருகிறேன் என்று அவர் சொன்னால், கேட்டவருக்கும் ஒருமுறை போய்ப் பார்க்கத் தோன்றலாம்.